மாலை வகுப்பு: பள்ளிக்குக் கட்டணமா, வெளியே டியூஷனா, இலவசமா?

பள்ளி நேரம் முடிந்த பிறகும் பிள்ளைக்குப் பாடத்தில் உதவி தேவைப்பட்டால், வழக்கமாக மூன்று வழிகள் உண்டு. பள்ளியே காசு வாங்கி நடத்தும் ஸ்பெஷல் கிளாஸ், வெளியே டியூஷன், பள்ளி இலவசமாகத் தரும் கூடுதல் வகுப்பு.

பெற்றோருக்கு முதலாவதுதான் வசதி. பிள்ளை இன்னொரு இடத்துக்கு அலைய வேண்டாம், பாடம் எங்கே நிற்கிறது என்பதும் ஆசிரியருக்குத் தெரியும். தென்கொரியா தனியார் பயிற்சி மையங்களுக்குக் குடும்பங்கள் கொட்டும் பணத்தைக் குறைக்கத்தான் பள்ளிக்குள்ளேயே குறைந்த கட்டணத்தில் மாலை வகுப்புகளை விரிவாக்கியது. வசதியில்லாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அரசே கட்டணத்தை ஏற்கவும் வழி செய்தது.

சிக்கல் எங்கே என்றால், பகலில் நடத்தும் அதே ஆசிரியர் மாலையில் தன் மாணவர்களிடமே கட்டணம் வாங்கும்போது. கம்போடியாவில் சம்பளம் போதாத ஆசிரியர்கள் பாடத்தின் ஒரு பகுதியை மாலை வகுப்புக்கென்று ஒதுக்கி வைப்பதைக் கல்வி ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே காசு கட்ட முடியாத பிள்ளைக்கு அந்தப் பகுதி கிடைக்கவே இல்லை. எல்லா ஆசிரியரும் இப்படிச் செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மதிப்பெண் போடுபவரே கட்டணமும் வாங்கினால், எந்தப் பெற்றோரால் துணிந்து ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும்? விருப்பமிருந்தால் சேரலாம் என்று சுற்றறிக்கையில் இருக்கும், ஆனால் மொத்த வகுப்பும் சேர்ந்துவிடும்.

வெளி டியூஷனில் இந்தக் கட்டாயம் இல்லை. பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். ஆனால் செலவுக்கும் நேரத்துக்கும் அங்கே வரம்பு கிடையாது. தென்கொரியா 1980-இல் தனியார் டியூஷனையே தடை செய்து பார்த்தது. 2000-இல் அந்தத் தடை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு சியோலில் இரவு 10 மணிக்கு மேல் பயிற்சி மையங்கள் இயங்கக் கூடாது என்ற அளவில்தான் கட்டுப்பாடு வந்தது. பிள்ளையின் தூக்கத்துக்கே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

மூன்றாவதுதான் என் தேர்வு, சில நிபந்தனைகளோடு. இலவசம் என்பதற்காக ஆசிரியர் சம்பளமில்லாமல் உழைக்கக் கூடாது. அந்த நேரத்துக்கான ஊதியத்தைப் பள்ளியோ அரசோ தர வேண்டும். மொத்த வகுப்பையும் உட்கார வைத்தால் அது இன்னொரு பீரியட், அவ்வளவுதான். பின்தங்கிய நாலைந்து பேரை மட்டும் வைத்து, அவர்களுக்குப் புரியாத பகுதியைச் சில வாரங்கள் நடத்தினால்தான் பலன் இருக்கும்.

பணமில்லாத பள்ளி கட்டணம் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால்? சரி, வாங்கட்டும். ஆனால் சொந்த வகுப்பு ஆசிரியர் நடத்தக் கூடாது, பணம் பள்ளிக் கணக்குக்கே போக வேண்டும், கட்ட முடியாதவருக்கு விலக்கு வேண்டும். சீனா 2021-இல் கொண்டுவந்த விதி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்பில் புதுப் பாடம் நடத்தக் கூடாது. இசை, சதுரங்கம் போன்றவற்றுக்கு இத்தனை கண்டிப்பு தேவையில்லை. சேராதவருக்குத் தேர்வில் இழப்பு எதுவும் இல்லை.

பணம் கட்டுவதற்கு முன் பள்ளியில் ஒன்றைக் கேளுங்கள்: இந்த வகுப்புக்கு வராத பிள்ளைக்கு எந்தப் பாடம் விட்டுப்போகும்? ஏதாவது விட்டுப்போகும் என்று பதில் வந்தால், அதைப் பகலிலேயே நடத்தச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.