சிகிச்சைத் திட்ட மென்பொருளின் பராமரிப்புச் சேவை: 5-க்கு 3

கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக வேலை செய்கிறேன். ஸ்கேனில் டாக்டர் கட்டியைக் குறித்துக் கொடுத்ததும், எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு டோஸ் என்று கணக்குப் போடும் மென்பொருள் ஒன்று எங்களிடம் இருக்கிறது. மென்பொருளில் எனக்குக் குறையில்லை. அதன் பராமரிப்புச் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்; இந்தத் துறையில் பலரும் இப்படித்தான் நடக்கிறார்கள்.

சப்போர்ட் நல்ல சப்போர்ட். கூப்பிட்டால் எடுக்கிறார்கள், நேரில் வருகிறவருக்கு வேலை தெரியும், பயிற்சியும் பொறுமையாகக் கொடுக்கிறார்கள்.

சிக்கல் ஒரு அப்டேட்டில் வந்தது. குறிப்பில் 'சிறு திருத்தங்கள்' என்று மட்டும் இருந்தது. எந்த அப்டேட் வந்தாலும் பழைய திட்டங்கள் சிலவற்றை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளுக்குப் பயன்படுத்துவோம். ஓட்டினால் எண்கள் ஒத்துவரவில்லை. தேடிப் பார்த்தபோது, டோஸ் கணக்கிடுவதற்காக உடலைப் பிரித்துப் பார்க்கும் சிறு கட்டங்களின் அளவை நாங்கள் 2 மில்லிமீட்டர் என்று வைத்திருந்தது 4-ஆக மாறியிருந்தது. பெரிய கட்டிகளில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. தண்டுவடத்தை ஒட்டிய சின்னக் கட்டியில் டோஸ் சட்டென்று குறைய வேண்டிய இடம் அது. அங்கே இந்த வித்தியாசம் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

சொன்னதும் வருத்தம் தெரிவித்தார்கள், சீக்கிரமே சரிசெய்தும் கொடுத்தார்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இதை வெளியிடலாம் என்று ஒப்புதல் கொடுத்தது யார்? 'டெவலப்மென்ட் டீம்' என்று பதில் வந்தது. திரும்பக் கேட்டேன், அதே பதில்.

இரண்டு நட்சத்திரத்தைக் குறைத்தது இதற்காகத்தான். சிகிச்சை எழுதும் டாக்டருக்குப் பதிவு எண் உண்டு. திட்டத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற நான், தவறினால் வேலை செய்யும் தகுதியையே இழப்பேன். இடையில் கணக்கைப் போடுகிற நிரலுக்கு மட்டும் ஆள் இல்லை. ஐஇசி 62304 போன்ற தரநிலைகள் மருத்துவ மென்பொருளுக்கு உண்டு. அவை நிறுவனம் பின்பற்ற வேண்டிய நடைமுறையைத்தான் சொல்கின்றன, தனி மனிதருக்கு உரிமம் கேட்பதில்லை.

எங்கள் துறையில் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியைப் பற்றிப் படிக்காதவர் இருக்க முடியாது. 1985 முதல் 1987 வரை அந்தக் கருவி ஆறு பேருக்கு மிதமிஞ்சிய டோஸ் கொடுத்தது, சிலர் இறந்தார்கள். முந்தைய மாடலில் இருந்த வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பியிருந்தார்கள். அந்த நிரலை எழுதியவர் ஒரே ஒருவர். அவருடைய படிப்பு என்ன, அனுபவம் என்ன என்பது வழக்குகள் வந்தபோதும் தெரியவரவில்லை.

நிரல் எழுதும் எல்லோருக்கும் உரிமம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தானாகக் கற்றுக்கொண்டு அருமையாக எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு வாசலை அடைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2013-இல் மென்பொருள் பொறியாளர் உரிமத்துக்கென்று ஒரு தேர்வு தொடங்கினார்கள். ஐந்து முறை நடந்தது, மொத்தம் 81 பேர் எழுதினார்கள், 2019-உடன் நிறுத்திவிட்டார்கள். அதில் வியப்பில்லை. உரிமம் இல்லாமலே அதே வேலையைச் செய்யலாம் என்றால் எதற்காகத் தேர்வு எழுத வேண்டும்?

உயிரைத் தொடும் மென்பொருளை வெளியிடும்போது கையெழுத்துப் போடுகிற அந்த ஒருவருக்காவது உரிமம் கட்டாயமாக வேண்டும். அவரைத் தண்டிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தேதி நெருங்குகிறது, அனுப்பிவிடு என்று மேலாளர் நெருக்கும்போது, "முடியாது, என் உரிமம் போய்விடும்" என்று சொல்ல அவருக்கு ஒரு பிடி வேண்டும். எனக்கு அந்தப் பிடி இருக்கிறது, அதைப் பயன்படுத்தியும் இருக்கிறேன். அந்த டீமில் யாராவது ஒருவர் 4 மில்லிமீட்டரைக் கவனித்திருக்கக்கூடும். கவனித்திருந்தாலும், நிறுத்திவைக்கும் அதிகாரம் அவருக்கு இருந்திருக்குமா?

இந்தச் சேவையை வாங்கப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு அப்டேட்டிலும் மாறிய அமைப்புகளின் முழுப் பட்டியல், ஒப்புதல் கொடுத்தவரின் பெயரும் தகுதியும். முதலாவதை எங்களுக்குத் தர ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இரண்டாவதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.