ரயில் நிலையத்தில் ஒரு பழைய புத்தகக் கடை: ஆல்ன்விக்கின் பார்ட்டர் புக்ஸ்

இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்தம்பர்லாந்து மாவட்டத்தில் உள்ள ஆல்ன்விக், ஊரார் வாயில் ‘அன்னிக்’, ஒரு பழைய கோட்டையைச் சுற்றி வளர்ந்த சிறுநகரம். வெளியூர்க்காரர்களில் பலர் ஹாரி பாட்டர் படத்தில் வந்த அந்தக் கோட்டையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வாசிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அப்படிக் கிளம்பிவிடக் கூடாது. நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ரயில் வராத ரயில் நிலையம் ஒன்றில் பார்ட்டர் புக்ஸ் இருக்கிறது.

வில்லியம் பெல் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1887இல் கட்டப்பட்ட அந்த நிலையம், ஊரின் அளவோடு பார்த்தால் மிகப் பெரியது. 1968இல் பயணிகள் ரயில் நிறுத்தப்பட்டது. பிற்பாடு ஸ்டூவர்ட் மேன்லி என்பவர் அந்தக் கட்டடத்தில் ஒரு சிறு தொழிற்சாலை நடத்திவந்தார். 1991இல் அவருடைய மனைவி மேரி, முன்பக்க அறையில் பழைய புத்தகங்களைப் பரப்பி இந்தக் கடையைத் தொடங்கினார். அறை அறையாகப் பரவிய கடை இன்று பிரிட்டனின் மிகப் பெரிய பழைய புத்தகக் கடைகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது.

உள்ளே நுழைந்ததும் கண் புத்தகத்தைத் தேடாமல் மேலேதான் போகிறது. அலமாரிகளின் உச்சியில் தண்டவாளம் அமைத்து ஒரு பொம்மை ரயிலை ஓடவிட்டிருக்கிறார்கள். அலமாரிகளுக்கு இடையே, தலைக்கு மேலே, கவிதை வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் கணப்பில் நெருப்பு எரிகிறது. அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யாத புத்தகத்தைப் பாதி வரைக்கும்கூடப் படிக்கலாம், எழுந்திருக்கச் சொல்ல யாரும் வருவதில்லை. பயணிகள் காத்திருந்த அறைகள் இப்போது சிற்றுண்டிச்சாலை.

ஆனால் கணப்பையும் பொம்மை ரயிலையும் பணமுள்ள எந்த வியாபாரியும் வைத்துவிட முடியும். இந்தக் கடைக்கு உயிர் கொடுப்பது, அதன் பெயரிலேயே இருக்கும் பண்டமாற்று முறைதான் என்று நினைக்கிறேன். நீங்கள் படித்து முடித்த புத்தகங்களைக் கொண்டுபோனால், கடைக்காரர்கள் தங்களுக்கு வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் மதிப்பை உங்கள் பெயரில் வரவு வைக்கிறார்கள். அந்த வரவைக் கழித்துக்கொண்டு வேறு புத்தகங்களை எடுத்துச் செல்லலாம். இதனால் வாடிக்கையாளர் வாங்குபவராகவும் சரக்கு தருபவராகவும் ஒரே நேரத்தில் இருக்கிறார், வந்தவர் மறுபடியும் வரக் காரணம் இருக்கிறது, அலமாரியிலும் பதிப்பகத்தின் விற்பனைப் பிரதிநிதி தள்ளிவிட்ட புத்தகங்களுக்குப் பதிலாக யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கி, வீட்டில் வைத்துப் படித்த புத்தகங்கள் நிற்கின்றன. ஓர் அட்டையைத் திறந்தால் பிறந்தநாள் வாழ்த்தோடு யாரோ போட்ட கையெழுத்து இருக்கலாம். அது விலையைக் குறைக்குமா கூட்டுமா என்பது வாங்குகிறவரின் மனத்தைப் பொறுத்தது.

கடையின் புகழுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2000ஆம் ஆண்டில், ஏலத்தில் எடுத்த ஒரு பெட்டியின் அடியில், மடித்து வைத்த சிவப்புச் சுவரொட்டி ஒன்று கிடைத்தது. ‘கீப் காம் அண்ட் கேரி ஆன்’ (பதறாமல் உன் வேலையைத் தொடர்ந்து செய்) என்ற வாசகத்தோடும் அதன் மேலே ஒரு மகுடத்தோடும் 1939இல் பிரிட்டிஷ் அரசு இருபது லட்சத்துக்கும் அதிகமாக அச்சடித்து, பொதுமக்கள் பார்வைக்கு அநேகமாக வைக்காமலே காகிதக் கூழுக்கு அனுப்பிவிட்ட சுவரொட்டி அது. அதைச் சட்டகத்தில் பொருத்திக் கல்லா அருகே மாட்டினார்கள்; வந்தவர்களெல்லாம் விலை கேட்கவே, நகல் அச்சடித்து விற்றார்கள். பிறகு அந்த வாசகம் உலகம் முழுவதும் கோப்பையிலும் பனியனிலும் ஏறிச் சலித்துப்போனது. அந்த நகல்களைப் பொறுமையாகப் பார்க்க என்னால் முடியவில்லை. மூலத்தின் கதை மட்டும் இன்னும் சுவைக்கிறது.

சென்ற மாதம் வந்த நாவலைத் தேடுகிறவர்களுக்கு இது ஏற்ற கடை அல்ல. பட்டியல் கையில் வைத்துக்கொண்டு வருவதும் வீண். துப்பறியும் கதை, ரயில்வே, போர் வரலாறு, பழைய குழந்தை நூல்கள் என ஏதாவது ஒரு துறையை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்த அலமாரியின் முன்னால் நிதானமாக நிற்பவருக்கே இது கைகொடுக்கும். அரிய முதற்பதிப்புகளும் உண்டு. பழைய புத்தகம்தானே, சல்லிசாகக் கிடைக்கும் என்று நினைத்து அவற்றின் பக்கம் போக வேண்டாம்.

நியூகாசிலுக்கும் எடின்பரோவுக்கும் இடையிலான பாதையில் ஆல்ன்மவுத் நிலையத்தில் இறங்கினால், ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் பேருந்துப் பயணம். கோடை விடுமுறையில் கூட்டம் நெரியும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. விமானத்தில் ஊர் திரும்ப வேண்டியவர்கள் பெட்டியின் எடையை முன்கூட்டியே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். படித்து முடித்த ஆங்கிலப் புத்தகங்கள் கையில் இருந்தால் கொண்டுபோகலாம், கடை எடுத்துக்கொண்டால் அந்த அளவுக்கு வேறு புத்தகங்களுக்கு இடம் கிடைக்கும்.