தொப்புளுக்கு நேரே அளவெடுங்கள்: ஓர் ஊர்ப் பயணமும் இரண்டு இடுப்பு பெல்ட்டுகளும்

இம்முறை ஊருக்கு வந்த முதல் வாரம் முழுவதையும் என் அடிமுதுகே எடுத்துக்கொண்டது. இரண்டு விமானங்களில் பதினாறு மணி நேரம் உட்கார்ந்து வந்த உடம்போடு, சுழன்று வந்த 23 கிலோ பெட்டியை இடுப்பைத் திருப்பி ஒரே கையால் இழுத்தேன், அப்படியே பிடித்துக்கொண்டது. அன்றாட நடமாட்டத்துக்குத் துணையாக ஓர் இடுப்பு பெல்ட் தேவைப்பட, பத்து நாளில் இரண்டு வாங்கினேன். முதலாவது எனக்குப் பொருந்தவில்லை, இரண்டாவது பொருந்தியது. பொருளைக் காட்டிலும் அதைத் தந்தவர்களின் சேவையில்தான் வேறுபாடு இருந்தது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதல் பெல்ட்டை வாங்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் படுத்திருந்ததால் தம்பி போய்க் கேட்டான். விற்றவர் கேட்ட ஒரே கேள்வி, "பேன்ட் சைஸ் என்ன?" என்பதுதான். தம்பி 36 என்று சொல்ல, அவர் 'லார்ஜ்' என்று எழுதிய பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார். நின்றுகொண்டு கட்டியபோது இதமாகவே இருந்தது. உட்கார்ந்ததும் மேல் விளிம்பு விலாவில் குத்தியது, கீழ் விளிம்பு தொடை மடிப்பை அழுத்தியது; எழுந்து நாலடி நடப்பதற்குள் பட்டை மார்பை நோக்கி ஏறிவிட்டது. ஏறாமல் இருக்கட்டும் என்று இறுக்கினால் மூச்சு முட்டியது. நியோப்ரீன் என்னும் ரப்பர் வகைத் துணி உடம்புச் சூட்டை வெளியே விடாது என்பதால், மூன்றாம் நாள் இரு பக்கமும் சிவந்து அரிக்கத் தொடங்கியது. உடம்பில் கட்டிய பொருளை மாற்றித் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த விதியில் நியாயம் இருக்கிறது; ஆனால் திரும்ப வாங்காத பொருளை அளவெடுத்துத்தான் விற்க வேண்டும் என்பதிலும் அதே நியாயம் இருக்கிறது.

நான்காம் நாள் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். காலையில் தொலைபேசியில் கேட்டு, மாலையிலேயே நேரம் கிடைத்தது. பெல்ட்டைப் பற்றி நான் பேச ஆரம்பித்ததும் கையமர்த்திவிட்டு, அவர் வேறு கேள்விகளைக் கேட்டார்: காலில் வலுக் குறைந்திருக்கிறதா, உட்காரும் பகுதியும் உள்தொடையும் மரத்துப்போயிருக்கின்றனவா, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இருக்கின்றனவா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, முன்பு புற்றுநோய் வந்ததுண்டா, எங்காவது விழுந்தீர்களா. இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் பெல்ட் பேச்சுக்கே இடமில்லை, நேரே மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்றார். அதிலும் சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உட்காரும் பகுதி மரத்துப்போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாத அவசரம் அது. எனக்கு அவை எதுவும் இல்லை. குனியவும் சாயவும் வைத்துப் பார்த்து, தசைப்பிடிப்புதான், ஸ்கேன் இப்போதைக்குத் தேவையில்லை என்று சொன்ன பிறகே அளவு நாடாவை எடுத்தார்.

மெல்லிய பனியனோடு நிற்க வைத்துத் தொப்புளுக்கு நேரே நாடாவைச் சுற்றியபோது 37 அங்குலம் காட்டியது. நான் வயிற்றை உள்ளிழுத்திருந்ததைக் கவனித்துவிட்டு, "இது போட்டோவுக்கு இல்லை சார், மூச்சை விடுங்கள்" என்று சொல்லி மறுபடி அளந்தார். 39 அங்குலம், அதாவது 99 சென்டிமீட்டர். நாம் பேன்ட்டைத் தொந்திக்குக் கீழே அணிகிறோம், பெல்ட்டோ தொந்தியையும் சேர்த்துச் சுற்றி வருகிறது. அந்த மூன்று அங்குலத்தில்தான் முதல் பெல்ட் தோற்றது. லார்ஜ், மீடியம் என்னும் எழுத்துகளுக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் லார்ஜ் இன்னொருவரின் மீடியமாக இருக்கலாம் என்பதால், பெட்டியில் சென்டிமீட்டரில் அச்சிட்டிருக்கும் அட்டவணையையும், அளவை இடுப்பில் எந்த இடத்தில் எடுக்கச் சொல்கிறார்கள் என்பதையும் படித்தாக வேண்டும்.

சுற்றளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, பட்டையின் உயரமும் பொருந்த வேண்டும் என்பதை அவர் நாற்காலியில் உட்கார வைத்தே காட்டினார். எனக்கு உடம்பின் மேற்பகுதி குட்டை. முதுகுப் பக்கம் அகன்ற பட்டை எனக்கு நின்றால் பொருந்தும், உட்கார்ந்தால் விலாவில் இடிக்கும். ஒரு நாளில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்பவன் நின்றுகொண்டே பெல்ட்டைச் சோதித்து வாங்கினால் என்ன பயன்? பின்புறம் கீழ் விளிம்பு திரிகம் எனப்படும் முக்கோண எலும்பின் மேற்பகுதியை மூட வேண்டும், முன்புறம் தொடை மடிப்பைத் தொடக்கூடாது, கட்டிய பின் உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும், ஆழமாக மூச்சு இழுக்க முடிய வேண்டும். இடுப்பைவிடப் புட்டம் அகன்றவர்களுக்கு நேர்ப்பட்டை மேலே ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் வளைவாக வெட்டித் தைத்த பட்டையே நிற்கும்.

வகைகளில் என் மாதிரிச் சாதாரணப் பிடிப்புக்கு வேண்டியது, துளையுள்ள மீள் துணியில் தைத்து, முதுகுப் பக்கம் வளையும் கம்பிகளைச் செருகி, பக்கவாட்டில் இரண்டாவது இழுபட்டை வைத்த எல்.எஸ். பெல்ட் (லம்போ-சேக்ரல், அதாவது அடிமுதுகையும் திரிகத்தையும் சேர்த்துச் சுற்றுவது). நான் இரண்டாவதாக வாங்கியது அதைத்தான். அந்தக் கம்பிகளைக் கையால் லேசாக வளைத்து அடிமுதுகின் குழிவுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். இதை விற்றவரும் சொல்லவில்லை, உள்ளே இருந்த தாளிலும் தெளிவாக இல்லை. விரல் மூட்டுகளில் வலு இல்லாதவர்களுக்குக் கயிறும் கப்பியும் வைத்து இழுக்கும் வகை எளிது. வலி புட்டத்தின் மேலே, இடுப்புக் குழிகளின் அருகே இருந்தால் அது திரிகமும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டின் வலியாக இருக்கலாம். அதற்கான குறுகிய பட்டையைத் தொப்புளருகே கட்டாமல் இடுப்பெலும்பைச் சுற்றிக் கீழே கட்டுகிறார்கள். முள்ளெலும்பு முறிவுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் போடும் கெட்டியான உறைகள் மருத்துவர் எழுதித் தர வேண்டியவை. பளு தூக்குபவர்களின் தோல் பெல்ட் பளு தூக்குவதற்கு மட்டுமே.

இந்தப் பட்டை செய்வதெல்லாம் கொஞ்சம்தான் என்பதை அவரே ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அது வயிற்றை அழுத்தி உள்ளழுத்தத்தைக் கூட்டுகிறது, அதிகமாகக் குனிவதையும் திரும்புவதையும் குறைக்கிறது, 'பார்த்துக் குனி' என்று தோலுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. நழுவிய டிஸ்க்கை அது உள்ளே தள்ளிவிடாது. இரவில் தேடிப் படித்ததும் இதையே சொன்னது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் 1994-இலேயே, உடல்நலமுள்ள தொழிலாளர்களுக்கு முதுகுக் காயம் வராமல் பெல்ட் தடுக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறிவிட்டது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அடிமுதுகு வலிக்குப் பெல்ட்டைச் சிகிச்சையாக வழங்க வேண்டாம் என்றே சொல்கிறது. நடமாடிக்கொண்டே இருப்பதும் பயிற்சியும்தான் சிகிச்சை. பயிற்சி செய்யும் அளவுக்கு எழுந்து நிற்க எனக்குப் பெல்ட் உதவியது, அந்த அளவில் அதை மதிக்கிறேன்.

எனவே வேலை இருக்கும்போது மட்டும், ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் அணியச் சொன்னார். படுக்கும்போது வேண்டாம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வேண்டாம். வலி தணியத் தணிய நேரத்தைக் குறைத்து இரண்டு மூன்று வாரத்தில் விட்டுவிட வேண்டும். உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம், நெஞ்செரிச்சல், அண்மையில் வயிற்று அறுவை சிகிச்சை, தோல் புண் ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கட்டக்கூடாது. கர்ப்பிணிகளுக்கான பட்டை வேறு. துவைக்கும்போது கம்பிகளை உருவிவிட்டு, வெல்க்ரோவை ஒட்டி மூடி, குளிர்ந்த நீரில் கையால் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். மூடாமல் துவைத்தால் வெல்க்ரோவில் நூல் சேர்ந்து பிடிப்பு போய்விடும் என்பதை முதல் பெல்ட்டை வைத்தே தெரிந்துகொண்டேன். அது அந்த அளவிலாவது பயன்பட்டது.

நான் வாழும் நாட்டில் இதே ஆலோசனைக்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். இங்கே ஒரே நாளில், நாற்பது நிமிடம் ஒருவர் என் இடுப்பைப் பற்றி மட்டும் பேசினார். ஒரு குறை உண்டு: பயிற்சிகளை வாய்மொழியாகவே சொன்னார், ஒரு தாளில் எழுதித் தரவில்லை. நான் கேட்டு, ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டேன்.

திரும்பும் நாளில், பாதுகாப்புச் சோதனைக் கதவு என் கம்பிகளைப் பார்த்துக் கத்தியது. பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைக்க வேண்டியிருந்ததால், அதைச் சட்டைக்கு உள்ளே கட்டியது தவறு என்று புரிந்தது; பயணத்தில் சட்டைக்கு மேலே, எளிதாகக் கழற்றும்படி கட்டுவதே நல்லது.

புறப்படும் முன் அக்கா, "உனக்குத்தான் சரியாகிவிட்டதே, அதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போ, எனக்கும் இடுப்பு வலிதான்" என்று கேட்டாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டபோது, இடுப்பின் ஒரு பக்கம், புட்டத்துக்குச் சற்று மேலே கை வைத்துக் காட்டினாள். அவளுடைய தையல் நாடாவை வாங்கித் தொப்புளுக்கு நேரே அளந்தேன். என்னைவிட ஐந்து அங்குலம் குறைவு. பெல்ட்டை என் பையிலேயே வைத்துக்கொண்டு, அந்தப் பிசியோதெரபிஸ்டின் எண்ணை அவள் கைப்பேசியில் பதிந்து கொடுத்தேன்.