பிஎஸ்5-இன் பெற்றோர் கட்டுப்பாடு: பூட்டு நல்ல பூட்டுதான்

லண்டனில் இருக்கும் என் தம்பி, 11 வயது மருமகனுக்கு, அதாவது என் பையனுக்கு, பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 என்ற கேம் கன்சோல்) வாங்கி வந்தான். கூடவே ஜிடிஏ 5 என்ற கேமின் டிஸ்க். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் 18. பின்பக்கம் வன்முறைக்கு அடையாளமாக ஒரு முஷ்டி. பிரிட்டனில் 2012 முதல் இதை 18 ஆகாத பிள்ளைக்கு விற்றால் கடைக்காரர் மீது வழக்கு வரும். தாய்மாமன் கொடுத்தால் கேட்க ஆளில்லை.

"எல்லாப் பசங்களும் ஆடுறாங்கக்கா" என்றான். "உன் பொண்ணுக்கு வாங்கிக் கொடுத்தியாடா?" என்றேன். ஃபிளைட் டிக்கெட் விலை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

அந்த 18-ஐ, ஆட்டம் எவ்வளவு கஷ்டம் என்பதற்கான எண்ணாகவே எங்கள் தெருவில் பலரும் நினைக்கிறார்கள். கால்பந்து கேமுக்கு 3 தான் போட்டிருக்கிறது, எனக்கு அதில் ஒரு கோல் போட வரவில்லை. இந்த எண் சொல்வது உள்ளே என்ன இருக்கிறது என்பதை. ஜிடிஏ 5-இல் கட்டிப்போட்ட ஒருவனின் பல்லைக் குறடால் பிடுங்கும் காட்சி உண்டு. பிடுங்குவது ஆடுகிறவர் கை. நம் நாட்டில் சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது, கேமுக்கு இல்லை. அதனால் அட்டையை நாம்தான் படித்தாக வேண்டும்.

இனி பூட்டு. பையனுக்குத் தனிக் கணக்கு தொடங்கி, உண்மையான பிறந்த தேதியைப் போடுங்கள். வயது வரம்பு வைத்தபின் டிஸ்கைச் செருகினாலும் கேம் திறக்காது. வேண்டுமானால் பையன் அனுமதி கேட்கலாம், நாம் அந்த ஒரு கேமை மட்டும் திறந்துவிடலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். ஸ்பைடர்மேனுக்கு ஐரோப்பாவில் 16, அமெரிக்காவில் 13. இரண்டுமே இவன் வயதுக்கு மேல். ராத்திரி இவன் தூங்கியபின் நானே ஆடிப் பார்த்தேன். அடிதடி நிறைய, ரத்தக்களரி இல்லை. திறந்துவிட்டேன். (இப்போது அவனைவிட நான்தான் அதிகம் ஆடுகிறேன்.) நேரம் முடிந்தால் எச்சரிக்கை மட்டும் காட்டவும் வைக்கலாம், தானாக லாக்-அவுட் ஆகவும் வைக்கலாம். இரண்டாவதையே வையுங்கள்.

முக்கியமான இரண்டு விஷயங்கள் பிள்ளையின் கணக்கில் இல்லை, கன்சோலுக்கான கட்டுப்பாடுகள் என்ற வேறு பக்கத்தில் இருக்கின்றன. அங்கே பாஸ்கோடு முதலில் 0000 என்றே இருக்கும், மாற்றிவிடுங்கள். புதிய பயனர் உருவாக்குவதையும் விருந்தினராக நுழைவதையும் அங்கேயே தடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பையன் இன்னொரு பெயரில் உள்ளே போய்விடுவான், நீங்கள் போட்ட பூட்டெல்லாம் பழைய பெயரோடு நின்றுவிடும்.

ஆச்சி போனில் யூடியூபைத் திறந்தால் ஜிடிஏ-வைத் தமிழில் பேசிக்கொண்டே ஆடுகிறவர்கள் வரிசையாக வருகிறார்கள். அதை பிஎஸ்5 என்ன செய்யும்? ஆச்சியோடு தனியாகப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த இரண்டு விஷயங்களையும் பிள்ளைக்குக் கணக்கு தொடங்கும்போதே கேட்டிருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன்.