பழைய ஃபிளாஷுக்கு ஸ்லேவா, ரேடியோ டிரிக்கரா?

சேலத்தில் பழைய ஸ்டுடியோக்காரர் பீரோவைத் திறந்தால் ஒரு விவிட்டார் 283-ஓ நிக்கான் எஸ்பி-24-ஓ, ஏதாவது பழைய ஃபிளாஷ் கிடக்கும். வெளிச்சத்தில் இவற்றுக்கு இன்றும் குறையில்லை. கேமராவை விட்டுத் தள்ளிவைத்து அடிக்க என்ன வாங்குவது என்பதுதான் கேள்வி. ஒயர் வேண்டாம், மண்டபத்தில் யாராவது கால் தடுக்கி விழுவார்கள். மிச்சம் இரண்டு: இன்னொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து அடிக்கும் ஸ்லேவ், இல்லை கேமராவில் ஒரு பெட்டி, ஃபிளாஷில் ஒரு பெட்டி என்று மாட்டி ரேடியோ அலையால் அடிக்கவைக்கும் ரேடியோ டிரிக்கர். நான் ரேடியோ வாங்கியவன். பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

ஸ்லேவ் மலிவு, சிலவற்றுக்கு பேட்டரிகூட வேண்டாம். ஸ்டுடியோவுக்குள் குடும்பப் படம் எடுக்க அதுவே போதும். மண்டபத்தில்தான் தொல்லை. மாப்பிள்ளை வீட்டு ஃபோட்டோகிராஃபர் அடிக்கும்போதெல்லாம் நம்முடையதும் சேர்ந்து அடிக்கும். தாலி கட்டும் நேரத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். கேமரா மேல் உள்ள ஃபிளாஷ் டிடிஎல்-இல் (லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை அளந்து கேமராவே ஃபிளாஷின் அளவை முடிவு செய்யும் முறை) இருந்தால், அது அளவு பார்க்க விடும் முதல் மின்னலுக்கே சாதாரண ஸ்லேவ் அடித்துவிடும், ஷட்டர் திறக்கும்போது வெளிச்சம் இருக்காது. ஏற்காட்டில் அவுட்டோர் என்றால் பகோடா பாயிண்ட் வெயிலில் அதை நம்ப முடியாது.

ரேடியோவுக்கு வெயிலும் பொருட்டில்லை, மற்றவர் ஃபிளாஷும் பொருட்டில்லை. ஃபிளாஷை ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் மறைத்தும் வைக்கலாம். மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் செட்டை நண்பரிடம் வாங்கிக் கொஞ்சம் தொட்டதோடு சரி, அதைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன். யோங்நுவோ ஆர்எஃப்-603 மாதிரி 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டில் எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் கேமராவில் மாட்டலாம், ஃபிளாஷிலும் மாட்டலாம். ட்ரிபிள் ஏ பேட்டரிதான், எங்கும் கிடைக்கும். டிடிஎல் வராது. ஆனால் 283-இல் சென்சார் ஃபிளாஷிலேயே இருப்பதால் அதன் ஆட்டோ மோடு வேலை செய்யும்.

இதெல்லாம் இருக்கட்டும். பழைய ஃபிளாஷ் விஷயத்தில் முடிவு செய்வது டிரிக்கர் வோல்டேஜ். ஃபிளாஷின் அடிப்பகுதியில் நடு முனையில் எப்போதும் ஒரு வோல்டேஜ் நிற்கும். அந்த முனையின் சர்க்யூட்டை மூடி ஃபிளாஷை அடிக்கவைப்பதுதான் கேமராவோ, ஃபிளாஷில் மாட்டிய ரேடியோ பெட்டியான ரிசீவரோ செய்கிற வேலை. ஆரம்பகால 283-களில் அது 200 வோல்ட்டையும் தாண்டும். பின்னால் வந்தவற்றில் மிகக் குறைவு. பெயர் ஒன்றே என்பதால் அளக்காமல் நம்பக் கூடாது. ஃபிளாஷை ஆன் செய்து ரெடி விளக்கு எரிந்ததும், மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை நடுவிலும் கறுப்பைப் பக்கவாட்டு உலோகத்திலும் வையுங்கள். விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கேனான் டிஜிட்டல்களுக்குச் சொல்லப்பட்ட வரம்பு 6 வோல்ட். நிக்கான் கையேடுகள் 250 வோல்ட் வரை விடுகின்றன. ரேடியோ போட்டால் அந்த வோல்டேஜ் கேமரா பக்கமே வராது, ரிசீவரோடு நின்றுவிடும். போனாலும் ரிசீவர்தான் போகும். ஆனால் ரிசீவருக்கும் வரம்பு உண்டு. சில மாடல்கள் 12 வோல்ட்டோடு சரி, கேக்டஸ் வி6 மாதிரி சில 300 வரை தாங்கும். கையேட்டில் அந்த எண்ணைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஸ்லேவ் ஜெயிக்கும் ஒரே இடமும் இதுதான்: பழைய ஸ்லேவ்கள் அதிக வோல்டேஜுக்கென்றே செய்தவை, குறைந்த வோல்டேஜ் ஃபிளாஷ்களில்தான் சில சமயம் மக்கர் செய்யும்.

அதனால் 200 வோல்ட் காட்டும் 283-ஐ ஸ்லேவோடு ஸ்டுடியோவிலேயே விட்டுவிட்டேன். ரேடியோவோடு மலையேறுவது எஸ்பி-24. அதன் சுவிட்சை ஸ்டேண்ட்பையில் வைக்காமல் ஆன்-இல் வையுங்கள், இல்லையென்றால் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும், ரிசீவர் அதை எழுப்பாது.