மரங்களுக்கு நடுவே பாரசீகத் தோட்டம்: நான்கு வாய்க்காலா, ஒற்றை ஓடையா?

மரம் அடர்ந்த நிலத்தில் பாரசீகப் பாணித் தோட்டம் போட இரண்டு வழிகள் உண்டு. நடுவில் மரங்களை வெட்டி வெளியாக்கி, நான்கு வாய்க்கால்கள் ஒரு குளத்தில் கூடும் சார் பாக் அமைக்கலாம். இல்லையென்றால் மரங்களை விட்டுவிட்டு, ஏற்கெனவே இருக்கும் இடைவெளியில் ஒரே ஓடையைச் சரிவில் படிப்படியாக இறக்கலாம். நாங்கள் ஓடையைத்தான் தேர்ந்தெடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

பார்வைக்குச் சார் பாக் கம்பீரமானது. ரோஜாவுக்கும் மாதுளைக்கும் நல்ல வெயில் வேண்டும், அதுவும் அங்கேதான் கிடைக்கும். சரி, ஆனால் வறண்ட பூமியில் பாடுபட்டு வளர்த்த நிழல் அல்லவா பாரசீகத் தோட்டம்? அந்த நிழல் கையில் இருக்கும்போது அதை வெட்டிச் சாய்க்க எனக்கு மனம் வராது.

முடிவைத் தீர்மானித்தது சருகு. நடுவில் எவ்வளவு வெட்டினாலும் சுற்றியுள்ள காட்டின் இலை காற்றில் வந்து விழும். சார் பாக்கின் சமதள வாய்க்காலில் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். இலை அடியில் தங்கி அழுகும், தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும், பாசி பிடிக்கும். நான்கு வாய்க்கால்களையும் குளத்தையும் வலைபோட்டு அரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரானில் காஷான் நகரின் ஃபின் தோட்டத்தில் வாய்க்கால் ஓரம் நிற்பவை பெரும்பாலும் சைப்ரஸ்கள். அகல இலை மரங்களைப் போல அவை ஒரே பருவத்தில் மொத்தமாக இலை கொட்டுவதில்லை.

சரிவில் ஓடும் தண்ணீர் சருகைத் தானே கீழே தள்ளிக்கொண்டு போகிறது. கீழே சேரும் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும் மோட்டாருக்கு முன்னால் ஒரு சல்லடைக் குழி இருந்தால் போதும், அள்ளுகிற வேலை அந்த ஓர் இடத்தோடு முடிந்துவிடும். இலையுதிர் பருவத்தில் தினமும் அள்ள வேண்டும், அதில் சலுகை கிடையாது. ஓடை குறுகலாக, வளைவில்லாமல், உட்புறம் வழவழப்பாக இருக்கட்டும். வளைவு வைத்தால் இலை அங்கே அடைத்துக்கொள்ளும். அப்புறம், மரத்தருகே ஆழமாகப் பள்ளம் தோண்டி வேரை அறுக்காதீர்கள். அந்த இடத்தில் தரைக்கு மேலேயே கல்லால் கட்டிவிடலாம்.

இதனால் பாரசீகத்தன்மை போய்விடுமோ என்று தயங்க வேண்டாம். மாஹானின் ஷாஸாதே தோட்டம் சரிவில் அடுக்கடுக்காக நீர் இறங்கும் அமைப்புதான். பெஹ்ஷஹருக்கு அருகே அப்பாஸாபாத் தோட்டம் காட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஒன்பது பாரசீகத் தோட்டங்களில் இரண்டுமே உண்டு.

ரோஜாவை வெயில் விழும் திட்டில் மட்டும் வையுங்கள். இலையுதிர் மரங்களின் கீழே டூலிப், நர்கிஸ் கிழங்குகள் ஊன்றலாம். மரம் தழைத்து நிழல் கட்டுவதற்குள் அவை பூத்துவிடும்.

தட்டையான நிலமென்றால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். மண்ணைக் கொட்டி உண்டாக்கிய சரிவில் தண்ணீர் இலையை இதே வேகத்தில் தள்ளுமா என்று நான் பார்த்ததில்லை. சரிவு இருந்தால், உட்காரும் மண்டபத்தை ஓடையின் மேல்முனையில் கட்டுங்கள். மோட்டார் சத்தமும் சல்லடைக் குழியும் கீழே தள்ளிப் போய்விடும்.