பழைய ஹைலக்ஸுக்கு ஆன்லைன் ஆட்டோ கியர் செட்: வடிகட்டி பரவாயில்லை, கார்க் வேண்டாம்

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்அப்புக்கு ஆன்லைன் கடைகளில் "ஹைலக்ஸ் ஆட்டோ கியர் சர்வீஸ் ஃபுல் செட்" என்று ஒரு பொட்டலம் விற்கிறார்கள். உள்ளே ஒரு வடிகட்டி, ஒரு கார்க் கேஸ்கெட், ஓ-ரிங், வடிகால் போல்ட்டுக்கு ஒரு வாஷர். சில செட்டுகளில் கையால் அழுத்தும் பிளாஸ்டிக் பம்பும் உண்டு. நான்கு ஸ்பீட் ஏ340 கியர்பாக்ஸ் உள்ள விகோ போன்ற பழைய பிக்அப்களுக்காக இதை வாங்குபவர்கள் அதிகம். கோலாலம்பூரின் செகாம்புட்டிலோ ஜாலான் ஈப்போவிலோ போர்மனிடம் (மெக்கானிக்கிடம்) விடாமல், வீட்டு வாசலிலேயே வேலையை முடிக்க நினைப்பவர்களுக்கானது இந்த மதிப்பீடு.

உங்களுடையது ஐந்து ஸ்பீட் கியர்பெட்டி என்றால் இந்தச் செட்டை மறந்துவிடுங்கள். அதில் டிப்ஸ்டிக் கிடையாது. எண்ணெய் 46 முதல் 56 டிகிரி சூட்டில் இருக்கும்போது ஓவர்ஃப்ளோ போல்ட்டைத் திறந்துதான் அளவு பார்க்க வேண்டும். அது வேறு வேலை.

முதலில் வடிகட்டி. ஏ340-இல் இருப்பது காகித ஃபில்டர் இல்லை, உலோக வலை. கழுவித் திரும்பப் போட்டாலும் ஓடும் என்று சொல்லும் போர்மன்கள் உண்டு, அவர்கள் சொல்வது பொய்யும் அல்ல. ஆனாலும் இருபது வயதுப் பெட்டியைத் திறந்துவிட்டு, வலையின் உள்பக்கம் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் மூடுவதற்குப் பதில் புதிதைப் போடுவது மேல். செட்டில் வரும் வடிகட்டியைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது அதன் முகப்பு, அதாவது வால்வ் பாடியில் (எண்ணெயை உள்ளே பிரித்து அனுப்பும் பகுதியில்) உட்காரும் தட்டை விளிம்பு. கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். எதிர்மூலை தூக்கினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்த இடைவெளியில் பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். காலையில் டி-யில் போட்டதும் காடி இரண்டு விநாடி யோசித்துவிட்டு நகர்வதும், கியர்பாக்ஸிலிருந்து மெல்லிய ஊளை வருவதும் இதனால்தான். பலர் இதை "புது எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை" என்று எண்ணெயின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

கார்க் கேஸ்கெட்டுக்கு மதிப்பெண் கிடையாது. இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே கேஸ்கெட் வைப்பதில்லை, சீலன்ட் பசை போட்டுத்தான் மூடுகிறார்கள். கார்க் வைத்தால் இரண்டு மூன்று முறை சூடேறி ஆறியதும் அது அமுங்கிவிடும், போல்ட்டுகள் தளர்ந்துவிடும். கசிகிறதே என்று இன்னும் இறுக்குவீர்கள். கார்க் வெளியே பிதுங்கும், பேனின் (கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தங்கும் தட்டின்) விளிம்பு வளையும், கசிவு இன்னும் கூடும். ரப்பர் பூசிய எஃகு கேஸ்கெட் தனியாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஏடிஎஃப் (ஆட்டோ கியர் எண்ணெய்) தாங்கும் சீலன்ட் போதும். கார்க்கும் பசையும் சேர்த்துப் போடாதீர்கள், வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

பம்ப் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஒல்லியான நீண்ட புனலில் ஊற்றலாம். மேலும் அந்தப் பம்பை ஏற்கெனவே கருப்பு எண்ணெய்க்கு (இஞ்சின் எண்ணெய்க்கு) பயன்படுத்தியிருந்தால் ஆட்டோ கியர் பக்கமே கொண்டுவரக் கூடாது.

எண்ணெய் செட்டில் வருவதில்லை, அது நல்லதுதான். எந்த எண்ணெய் என்பதை டிப்ஸ்டிக்கின் தகட்டிலேயே பொறித்திருக்கும். துடைத்துவிட்டுப் படியுங்கள். டெக்ஸ்ரான் என்றிருந்தால் டெக்ஸ்ரான், டி-ஃபோர் என்றிருந்தால் டி-ஃபோர். புதிது, விலை கூடியது, ஆகவே நல்லது என்று டபிள்யூஎஸ் வாங்கி ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது வேறு பெட்டிகளுக்கான மெல்லிய எண்ணெய். தெரிந்த ஸ்பேர் பார்ட் கடையில், மூடியின் சீல் உடையாத டின்னாகப் பார்த்து வாங்குங்கள். 4 லிட்டர் டின் இரண்டு போதும்.

ஏன் இரண்டு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வடிகால் போல்ட்டைக் கழற்றினால் வருவது ஏறக்குறைய 2 லிட்டர்தான். மிச்சம் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும், எண்ணெயை ஆற்றும் கூலரின் குழாய்களிலும் தங்கிவிடும். மொத்தம் 8 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் முதல் முறை மாற்றும்போது கால் பங்குதான் புதிது. இரண்டாம் முறை 44 விழுக்காடு, மூன்றாம் முறை 58. ஒரே நாளில் முழுதும் மாற்ற வேண்டியதில்லை. பேனைக் கழற்றி ஒருமுறை, பிறகு வாரம் ஒன்று ஓட்டிவிட்டு வெறும் வடிகால் வழியாக இருமுறை. பழைய பெட்டிக்கு இதுவே நல்ல வேகம். ரேடியேட்டரிலிருந்து திரும்பும் குழாயைக் கழற்றி இஞ்சினை ஓடவிட்டு வெளியேற்றும் முறையும் உண்டு. பக்கத்தில் ஆள் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ஒரு லிட்டர் வெளியே வர அரை நிமிடம்கூட ஆகாது, நிறுத்தத் தாமதித்தால் பம்ப் வறண்டு ஓடும்.

தொடங்குமுன் டிப்ஸ்டிக்கைக் கந்தலில் அல்ல, வெள்ளைத் திசுவில் துடைத்துப் பாருங்கள். ரோஸ் சிராப் நிறம் என்றால் நலம். தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறம் என்றால் மாற்றும் நேரம். கோப்பி-ஓ போலக் கருத்து, தீய்ந்த வாடை அடித்து, கியர் ஏற்கெனவே வழுக்குகிறது என்றால் செட்டுக்குச் செலவழிக்காதீர்கள். கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன, எண்ணெய் அவற்றைத் திரும்ப வளர்க்காது. "எண்ணெய் மாத்தினதும் கியர் போச்சு" என்ற புகாரில் பலவும் இப்படிப் போகவிருந்த பெட்டிகள்தான். ஆயர் பண்டோங் மாதிரி இளஞ்சிவப்பாய்ப் பாலாய் இருந்தால் ரேடியேட்டருக்குள் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எண்ணெய் மாற்றுவது வீண்.

இனி கீழே படுக்கும் வேலை. பிக்அப் உயரமானது, பலருக்கு ஜேக் தேவைப்படாது. ஆனால் கோலாலம்பூர் தெரஸ் வீடுகளின் போர்ச் மழைநீர் ஓடுவதற்காக லோங்காங் (சாக்கடை) பக்கம் சரிந்திருக்கும். நான்கு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள், ஹேண்ட்பிரேக்கை முழுதும் இழுங்கள். மதியத்துக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள். நான்கு மணி மழை பேன் திறந்திருக்கும்போது வந்தால், சாரல் தெறிக்கும் இடத்தில் வால்வ் பாடி தொங்கிக்கொண்டிருக்கும். கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருளுக்குத் தண்ணீர் எதிரி.

இஞ்சினின் வடிகால் போல்ட்டும் கியர்பாக்ஸின் போல்ட்டும் ஒன்றல்ல. எளிதான விஷயம் போலத் தெரியும், ஆனால் கருப்பு எண்ணெய் மாற்றுவதாக நினைத்து ஏடிஎஃப்-ஐ வடித்துவிட்டு, இஞ்சினில் இரட்டை எண்ணெய் ஊற்றிய காடிகள் பெங்கல்களுக்கு (பட்டறைகளுக்கு) வந்துகொண்டேதான் இருக்கின்றன. வருவது சிவப்பாக இருந்தால் சரியான இடம். இஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள், கொதிக்கும்போது அல்ல. வந்ததை அளவுக்குவளையில் அளந்து எழுதிவையுங்கள். திரும்ப ஊற்றுவதற்கு அந்த எண்தான் தொடக்கம்.

பேனைச் சுற்றி 10 மி.மீ. தலை போல்ட்டுகள். குறுக்குச் சட்டத்துக்கு மேலே மறைந்திருப்பவற்றுக்கு நீண்ட எக்ஸ்டென்ஷனும், வளைந்து திரும்பும் யுனிவர்சல் மூட்டும் வேண்டும். எல்லாவற்றையும் கழற்றினாலும் பேன் விழாது. பழைய பசை பிடித்திருக்கும். இங்கேதான் ஸ்குரூடிரைவரை இடுக்கி நெம்பிப் பார்க்கும் ஆசை வரும். பெட்டி அலுமினியம், ஒரு கீறல் போதும், ஆயுளுக்கும் சொட்டும். பின்மூலையில் இரண்டு போல்ட்டுகளைப் பாதி திருகியபடியே விட்டுவிட்டு, பெயின்ட் சுரண்டும் மெல்லிய தகட்டை ஓரமாகத் தட்டி நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பேனுக்குள் இன்னும் எண்ணெய் இருக்கிறது. கிளம்பியதும் அது ஒரு பக்கமாகச் சாயும், முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

பேனின் அடியில் காந்தங்கள் இருக்கும். அவற்றில் சாம்பல்நிறக் களிம்பு படிந்திருந்தால் வழக்கமான தேய்மானம். காந்தம் பிடிக்கும் எஃகுத் துணுக்குகள் என்றால் பேரிங், கியர் அல்லது தட்டு தேய்கிறது. காந்தம் பிடிக்காத பித்தளை மினுக்கு என்றால் புஷ். களிம்பை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல் இருந்தால் கவலை இல்லை, மணல் போல் நறநறத்தால் போர்மனிடம் காட்டுங்கள்.

வடிகட்டிப் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. அட்டையில் பேன் வடிவத்தை வரைந்து, எது எந்த இடத்திலிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டையான துளையில் திருகினால் அலுமினிய மரை போய்விடும். வடிகட்டிக்கு 10 நியூட்டன் மீட்டர், பேன் போல்ட்டுகளுக்கு 7.4, வடிகால் போல்ட்டுக்கு 20. சாதாரண அரை அங்குல டார்க் ரெஞ்ச்சால் 7.4-ஐ நம்பி அளக்க முடியாது, அதன் அளவே அதற்கு மேல்தான் தொடங்கும். கால் அங்குல ரெஞ்ச் இரவல் வாங்குங்கள். இல்லையென்றால் குட்டை ராட்செட்டின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து, நடுவிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள். கையில் பலம் காட்ட வேண்டிய இடம் இது அல்ல. பேனைத் துடைக்க நூல் உதிரும் பழைய பனியன் துணி கூடாது. அந்த நூல் வால்வுகளுக்குள் போய்ச் சிக்கும்.

ஊற்றும்போதும் பொறுமை வேண்டும். வடித்த அளவைவிட அரை லிட்டர் குறைவாக ஊற்றி, இஞ்சினை இயக்கி, பிரேக்கை மிதித்தபடி பார்க்கிங்கிலிருந்து எல் வரை ஒவ்வொன்றிலும் சற்று நிறுத்தித் திரும்பப் பார்க்கிங்குக்கு வாருங்கள். இஞ்சின் ஓடியபடியே டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். குளிர்நிலைக் கோடுகளுக்குள் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஊற்றுங்கள். ஊற்றிய எண்ணெய் குழாயின் சுவரில் வழிந்துகொண்டிருக்கும், அதனால் ஒருபுறம் அதிகமாகவும் மறுபுறம் குறைவாகவும் காட்டும். குறைவாகக் காட்டும் பக்கத்தை நம்புங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, எண்ணெய் 70 முதல் 80 டிகிரி சூட்டுக்கு வந்ததும் சமதரையில் மீண்டும் அளவெடுங்கள். வீட்டுப் போர்ச்சில் வேண்டாம், பெட்ரோல் நிலையத்தின் தரை நல்லது. அளவு மிஞ்சினால் எண்ணெய் நுரைத்து, மூச்சுத்துளை வழியே வெளியேறி, கசிவு என்று உங்களை ஏமாற்றும்.

செட்டுக்கு ஐந்தில் இரண்டு, அதுவும் வடிகட்டிக்காக. வடிகட்டியும் வடிகால் வாஷரும் தனியாகவும், கேஸ்கெட் வேறு இடத்திலும் வாங்கினால் நான்கு வரை தரலாம்.

பழைய எண்ணெயை லோங்காங்கில் ஊற்றாதீர்கள். செந்தூல் பக்கத்து லோங்காங் தண்ணீர் கோம்பாக், பத்து ஆறுகளுக்குத்தான் போகிறது. பயன்படுத்திய மசகெண்ணெய் மலேசியாவில் அட்டவணைக் கழிவு, குறியீடு எஸ்டபிள்யூ 305. புது எண்ணெய் வந்த டின்னிலேயே ஊற்றி மூடி, தெரிந்த பெங்கலில் கேளுங்கள். தாங்கள் வடித்த எண்ணெயோடு சேர்த்து எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. வடிகட்டியும் எண்ணெய்த் துணியும் தனிப் பையில். அன்று இரவு பேனுக்கு நேர் கீழே வெள்ளை அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் ஓரத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் அந்தப் பக்கத்துப் போல்ட்டுகளை இரண்டு விரல் பலத்தில் மட்டும் இறுக்கிப் பாருங்கள். புள்ளி முன்பக்கம், இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே இருந்தால் அது உங்கள் பேன் அல்ல, முன் சீல். அதற்குப் பெட்டியையே இறக்க வேண்டும்.